பூங்காவுக்குப் பின்வாசல் வழியாகத்தான்

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், சீக்கிரம் தூங்குகிறாய் என்று நீ சொல்வதையெல்லாம் நம்புகிற மாதிரி நானும் நடித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் சுகம், மாடிப்படிக் கைப்பிடி மறுபடியும் ஆடுகிறது, உன் அறை ஜன்னலில் ஒரு புறா குடித்தனம் வைத்துவிட்டது, உன் அப்பா சுகமா இல்லையா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன், ஆகையால் பஸ்ஸுக்கு நின்றபடி படிக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்து படி. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். மெசேஜாக எழுதி அனுப்பலாம் என்றால் என் போனில்தான் எழுத்து பெரிதாகத் தெரிகிறதாம், நாள் முழுக்க அதை நோண்டுகிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் பேனாவைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. தபால் பெட்டிக்கும் நானே போவேன், யாரிடமும் கொடுக்கமாட்டேன், இந்த வீட்டில் இப்போது நான் யாரையும் நம்புவதில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆரம்பத்தில் உன்மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

ஏன் என்று கேள். இந்தத் தடவை லீவில் வரும்போது சோபாவில் உருண்டுகொண்டிராமல் எங்காவது சந்தோஷமாகப் போய்வரலாம் என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, நீ வாயை மூடுவதற்குள் உன் அப்பா தாவரவியல் பூங்கா என்றார். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. அவருக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்? நம் பால்கனியில் இருக்கும் ஒரே செடி பிளாஸ்டிக், அதற்கும் ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியவர் அவர். பேக்கரியை ஒருநாள் சாத்தச் சொன்னால் ஊரே பட்டினி கிடக்கும் என்பவர், எங்கள் கல்யாணத்தன்றே மாப்பிள்ளைக் கோலத்தில் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்ட மனுஷன் தானாகவே கடையைச் சாத்திவிட்டுப் பூ பார்க்கப் போகலாம் என்றால், எந்தப் பூவை என்று கேட்கத் தோன்றுமா தோன்றாதா? நீயும் உடனே குதித்தாய், பூங்காவில் உங்க கண்ணைக் கட்டிடுவேம்ப்பா, மூக்கு இன்னும் வேலை செய்யுதான்னு பாத்துடலாம் என்றாய். அவர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது, நான்தான் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கண்கட்டு விளையாட்டை நினைத்துப்பார். கடை விடுமுறை நாளில் நீ மாவு மூட்டைமேல் ஏறி நின்று, மாவுத்துணியை அவர் கண்ணில் கட்டி, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து அவர் மூக்கடியில் நீட்டுவாய், பட்டை, கிராம்பு, வெனிலா என்று அவர் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு நாள் உன் காலுறையை நீட்டினாய், இது இடது கால் என்றார். அந்த மூக்கை வைத்துத்தான் நம் குடும்பமே நடக்கிறது. ரொட்டி வெந்ததா என்று அவர் எப்போதாவது கடிகாரம் பார்த்திருக்கிறாரா? அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ அரட்டை அடித்தபடியே, சட்டென்று பேச்சை நிறுத்தி, இப்ப எடு என்பார், எடுத்தால் பொன்னிறமாக இருக்கும்.

சரி, பூங்கா விஷயத்துக்கு வருகிறேன். அவர் போட்ட திட்டத்தைக் கேட்டால் நீ மலைத்துப்போவாய், நம்மை ஏதோ போருக்கு அழைத்துப் போவதைப் போல இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும், பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், புல் ஈரமாக இருக்குமாம், அதனால் பழைய ஷூதான் போட வேண்டும். கண்ணாடி வீட்டைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், மத்தியானம் போனால் நம் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்குமாம். பிறகு அல்லிக்குளம், அங்கே இலைகள் நம் பெரிய கேக் தட்டு அளவுக்கு இருக்கின்றனவாம். அதற்கப்புறம் குளத்தங்கரைப் பெரிய மரத்தடியில் இருக்கும் பெஞ்சில் முட்டை வைத்த ரொட்டியும் பழமும் சாப்பாடு, அந்த பெஞ்சிலிருந்து கழிவறை கிட்டே என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார். இதுவரைக்கும் சரி. ஆனால் உள்ளே போவது மட்டும் பின்வாசல் வழியாகத்தானாம். பஸ் நிற்பது முன்வாசலில். பின்வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அந்த நீண்ட மதிலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும், என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டேன், முன்வாசலில் கூட்டம் என்றார். மறுநாள் கேட்டேன், பின்வாசலில்தான் நல்ல காற்று என்றார். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தால் இரண்டுமே பொய், உன் பள்ளிக்கூட நாட்களில் உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் அது. அதுவும் போகட்டும், பூங்காவுக்கே போகாதவருக்குக் கழிவறை எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து நான் உளவு வேலையில் இறங்கினேன். நீ சிரிக்காதே, ஆதாரம் ஒவ்வொன்றாக வந்து என் மடியில் விழுந்தது. ஒன்று, சென்ட். இருபது வருஷமாக மாவு வாசனையைத் தவிர வேறு வாசனை அறியாத சட்டையில் இப்போது சென்ட், அதுவும் ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, குளித்துவிட்டு வந்தது போல. அவர் படியிறங்கினால் மாடி வீட்டுத் தையல்காரி தும்முகிறாள். அடுத்தது சாப்பாடு. என் சூப்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் முகத்தை எட்டு கோணலாக்குபவர், நான் அடிப்பிடிக்க விட்ட சூப்பை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு அருமை என்றார். புருஷன் அருமை என்று சொன்னால் பெண்டாட்டி பயப்பட வேண்டும், மனசுக்குள் குற்றம் இருப்பவன்தான் அப்படிச் சாப்பிடுவான் என்று தையல்காரியும் சொன்னாள். அவளுக்கு மூன்று அண்ணன்கள், அனுபவம் உண்டு. பிறகு ஒருநாள் வாடையடித்த பாலில் காப்பி கலந்து முழுசாகக் குடித்துவிட்டுப் போனார், அப்படி என்ன நினைப்பில் இருந்தாரோ என்று எனக்கு வயிறு எரிந்தது. பேக்கரியில் ஒரு தட்டு பன் கருகிப்போனது, அது அந்தக் கடையின் சரித்திரத்திலேயே கிடையாது. அதற்கப்புறம் அடுப்புப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு டைமர் வந்து உட்கார்ந்தது. கேட்டால், வேலைக்கு இருப்பவருக்காக வாங்கினேன் என்கிறார்.

வேலைக்கு இருப்பவர் என்றால் நம் அரைவார்த்தைதான், அவர் எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். மத்தியானமானால் உன் அப்பாவைக் கடையில் காணோம் என்பதால் அரைவார்த்தையைப் பிடித்து, உங்க அண்ணன் மத்தியானம் எங்கே போகிறார் என்று கேட்டேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, அண்ணன் இப்பல்லாம் பூங்காவுல அந்த அம்மாகூட..." என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கப் போய்விட்டார். அந்த அம்மாகூட என்ன? நீயே சொல். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, என் வாழ்க்கை நல்லதா கெட்டதா என்பதை வாக்கியத்தை முடிக்கத் தெரியாத ஒரு மனுஷனிடமா கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? மீதி வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன், வேண்டிய அளவுக்கு மோசமாகவே முடித்துக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று என் முகத்தை ஒரு தடவை பார்த்தேன், இந்த முகத்துக்கு இவ்வளவு நாள் ஒரு ஆள் இருந்ததே பெரிது என்று நியாயமாகவும் யோசித்தேன், பிறகு அந்த நியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தையல்காரியின் பெரிய குடை, உன் பழைய கறுப்புக் கண்ணாடி, தலையில் ஸ்கார்ப். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை, குடையோடு போகும் ஒரே ஆளாக நான்தான் இருந்தேன், யாரும் கவனிக்கக் கூடாது என்று போட்ட வேஷத்தால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்வாசல் காவலாளி, யாரைத் தேடறீங்கம்மா என்றார். செடி என்றேன். உள்ளே நிறைய இருக்கு என்று மரியாதையாக வழிவிட்டார். நுழைந்ததுமே இடுப்பு உயரத்துக்குக் கல் தொட்டிகளை வரிசையாகக் கட்டி அதில் செடிகள், கண் தெரியாதவர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்ப்பதற்காக வைத்த வாசனைச் செடிகள், கிள்ளாதீர்கள், தடவிப் பாருங்கள் என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்குப் பின்னால்தான் நான் குடையோடு உட்கார்ந்தேன். எதிரே உன் அப்பா. அவர் முன்னால் ஒரு பெண், ரப்பர் பூட்ஸ், அகலத் தொப்பி, கையில் மண், அந்தத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள். உன் அப்பாவின் கண்ணில் நம் மாவுத்துணி கட்டியிருந்தது. உனக்கு மட்டும்தான் அவர் கண்ணைக் கட்டக் கொடுப்பார், எனக்குக்கூடக் கொடுத்ததில்லை. எனக்குக் குடையாலேயே இரண்டு பேரையும் சாத்த வேண்டும் போல இருந்தது.

அவள் ஒரு கிளையை வளைத்து அவர் மூக்கருகே பிடித்தாள், அவசரப்படாம மெதுவா இழுங்க சார் என்றாள். அவர் இழுத்தார். நெஞ்சு நிமிர்ந்து, தோள் உயர்ந்து, ஆள் முழுசுமே மூக்காக மாறினது போல இழுத்தார். புதினா என்றார். அவள் கிளையை விட்டாள். ரொம்ப மெதுவாக, இது ரோஜாங்க சார் என்றாள். வாலு, அந்த ரோஜாவின் வாசனை பலகைக்குப் பின்னால் இருந்த எனக்கே வந்துகொண்டிருந்தது. உன் அப்பா துணியை அவிழ்த்தார், கடை சாத்தும்போது மடிப்பாரே அதே மாதிரி நாலாக மடித்தார், சிரித்தார். பிறகு சொன்னார், "பின்வாசல்ல இருந்து மறுபடி ஆரம்பிப்போம்மா. இந்தப் பக்கமிருந்து வரிசையாப் போனா எனக்குத் தப்பாது. எம்பொண்ணு வர்றதுக்குள்ள மனப்பாடம் பண்ணிடுவேன்." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டி விளிம்பைக் கையால் தடவியபடி, இலையைத் தொட்டுத் தொட்டு, சொரசொரப்பாக இருந்தால் இது, மெத்தென்று இருந்தால் இது, முள் இருந்தால் ரோஜா என்று பாடம் ஒப்பித்துக்கொண்டே நடந்தார். பின்வாசல் எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. எதிர்ப்பக்கமிருந்து ஆரம்பித்தால் வரிசை தலைகீழாகிவிடுமே, அவ்வளவுதான்.

நான் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். வந்ததும் மனசு கேட்கவில்லை. இத்தனை வேஷம் போட்ட மனுஷன் இதையும் விளையாட்டாகச் செய்திருந்தால்? சந்தேகம் என்பது ஒரு தடவை வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் அவர் சமையலறை மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பாலை அடுப்பில் வைத்துவிட்டு நான் துணி மடிக்கிற மாதிரி நின்றேன். பால் பொங்கியது, வழிந்தது, கருகியது, தெரு முழுக்க அந்த நாற்றம், மாடியில் தையல்காரி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. உன் அப்பா பக்கத்தைத் திருப்பினார், காப்பி ஆச்சா என்றார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் வரிசையாகத் திறந்துகொண்டது. சென்டை அவர் யாருக்காகவும் போடவில்லை, போட்டது தெரியாததால் மறுபடி மறுபடி போட்டார். சூப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை, கருகினதே தெரியவில்லை. இத்தனை நாளும் காதல் என்று நினைத்து நான் பொறாமைப்பட்டதெல்லாம் மூக்கு. அன்றிலிருந்து அவரைத் தனியாகக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்க விடுவதில்லை, உங்களுக்கு எதுக்கு சிரமம் என்கிறேன், இவ்வளவு அன்பா என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

மறுநாள் அந்தத் தோட்டக்காரப் பெண்ணைத் தனியாகப் போய்ப் பார்த்தேன், இந்தத் தடவை குடை இல்லாமல். அவள் சொன்னதைக் கேள். நீ அங்கே போன பிறகு உன் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, சும்மா சளி என்று உன்னிடம் சொன்னோமே, அதோடு வாசனை போய்விட்டதாம். நமக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்த்திருக்கிறார். தினமும் விதவிதமான வாசனையை முகர்ந்து பழகுங்கள், திரும்ப வரலாம், வராமலும் போகலாம், பொறுமை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் முகர்ந்தால் அரைவார்த்தை பார்ப்பார், வீட்டில் முகர்ந்தால் நான் பார்ப்பேன், அதனால் பூங்கா. அரைவார்த்தைக்கு எப்படியும் தெரிந்துதான் இருக்கிறது, அவர் பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி, செடியை மோந்து பாக்குறாரு என்பதாக இருந்திருக்கும், அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் எனக்குக் குடைச் செலவாவது மிஞ்சியிருக்கும், ஒரு கம்பி வளைந்துவிட்டது, தையல்காரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண் கேட்டாளாம். "ரொட்டி போடறவனுக்கு மூக்கு போச்சுன்னா அப்புறம் எங்கிட்ட என்னம்மா மிச்சம்" என்றாராம். உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில்தான் அவருக்கு ரொம்ப பயமாம். ஒரே ஒரு நாள் யூகலிப்டஸ் இலையை முகர்ந்துவிட்டு, ஏதோ ஒண்ணு இருக்கு, என்னன்னு தெரியலை, ஆனா இருக்கு என்றாராம். அன்றைக்கு அவளுக்கு ஒரு பை நிறைய பன் கொண்டுவந்து கொடுத்தாராம். அக்கா, பன் நல்லாத்தான் இருந்துச்சு என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. உன் அம்மாவின் வாயில் ஒரு ரகசியம் இத்தனை நாள் தங்கியிருப்பது இதுவே முதல் தடவை, பல் வலிக்கிறது. கேட்காமல் ஒன்று மட்டும் செய்கிறேன். வீட்டில் போரடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலையில் கடைக்குப் போய் அடுப்பருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறேன், உரிக்கப் பட்டாணி இல்லாத நாளில் அரட்டை அடிக்கிறேன். ரொட்டி வேகும் வாசனை வந்ததும் எனக்கு நானே சொல்லிக்கொள்வது போல, அடேயப்பா பசியைக் கிளப்புதே என்பேன். அவர் போய்த் தட்டை எடுப்பார். முதல் நாள் எனக்குக் கணக்கு தப்பியது, வெண்ணெய் உருகும் வாசனைக்கே கத்திவிட்டேன், பன்னெல்லாம் வெளுத்துக்கொண்டு வந்தன, அரைவார்த்தை என்னைப் பார்த்து, அண்ணி இன்னும் கொஞ்சம்... என்றார். இப்போது பழகிவிட்டது. போன வாரத்திலிருந்து அந்த டைமரைச் சுவரிலிருந்து காணோம், அவரே கழற்றி அலமாரிக்குள் போட்டிருக்கிறார். ஆகவே எனக்கு இப்போது புதுச் சந்தேகம். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமோ?

இனி நீ செய்ய வேண்டியது. முதலில், அழாதே. இரண்டாவது, உடனே போன் செய்து, என்னப்பா உடம்பு எப்படி இருக்கு என்று அந்தக் குழைகிற குரலில் கேட்காதே, அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார், மூக்குத்தான் போயிருக்கிறது, காது இல்லை. அதைச் சாப்பிடுங்க, இதை முகருங்க என்று எங்கிருந்தாவது கட்டுரை தேடி அனுப்பாதே, என் போன் அவர் கையில்தான் இருக்கும். பூங்காவுக்குக் கட்டாயம் போகிறோம், அவர் போட்ட திட்டத்தில் ஒரு அணுவையும் மாற்றக் கூடாது, பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும், என் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய ஷூ எடுத்துவர மறக்காதே. அந்தப் பெண்ணைப் பார்த்தால் உனக்கும் எனக்கும் அவளைத் தெரியாது, அவளுக்கும் நம்மைத் தெரியாது, அவள் நன்றாக நடிப்பாள், உன்னைப் பற்றித்தான் பயம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா கடையிலிருந்து வந்துவிட்டார், பேப்பரை முட்டிக்கடியில் மறைத்தேன், மீதியை அவர் குளிக்கும்போது எழுதுகிறேன். வந்தவர் சமையலறை வாசலில் நின்று, கண்ணை லேசாக மூடி, நல்லா மூச்சை இழுத்து, "ஆகா, என்ன வாசனை, இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்றார். அடுப்பில் அவர் குளிப்பதற்கு வைத்த வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, அதைத் தவிர ஒன்றும் இல்லை. நான் கரண்டியைத் தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்டுபிடிச்சிட்டீங்களே, உங்க மூக்குகிட்ட எதையும் மறைக்க முடியாது என்றேன். அவர் அடுப்பருகே வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு வெந்நீரைத் தானே தூக்கிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்கிறது, காய்ச்சலுக்குப் பிறகு அவர் பாடி இன்றைக்குத்தான் கேட்கிறேன். இனிமேல் நான் நிஜமாகவே ஏதாவது ஸ்பெஷலாகச் சமைத்தாக வேண்டும்.

நீ நூறு வயசு நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும், ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள், வெளியில் எதையாவது வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உலகத்தில் எந்த அம்மாவும் சொல்லாத ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன், மறந்துவிடாதே, வரும்போது சளியோடு வா. நிஜச் சளி இல்லாவிட்டால் பொய்ச் சளி. வண்டியை விட்டு இறங்கும்போதே நாலு தும்மல் போடு, மூக்கு அடைச்சுக்கிச்சுப்பா, ஒரு வாசனையும் தெரியலை என்று முதலில் நீ சொல்லிவிடு. நீ சொன்னால், எனக்கும்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை, மனப்பாடம் பண்ணினது வீணாகப் போகாமல் உனக்கு ஒவ்வொரு செடியாகச் சொல்லிக்கொண்டே வரட்டும், ஆமாப்பா ஆமாப்பா என்று கேட்டுக்கொள். மாவுத்துணியை மட்டும் அவர் கண்ணில் கட்டாதே, என் கண்ணில் கட்டு. நான் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்கிறேன், இந்த ஒரு மாதமாக எனக்கு அதில் நல்ல பழக்கம்.

இப்படிக்கு,
பின்வாசலில் உனக்காகக் காத்திருக்கும் உன் அம்மா